வெள்ளையாக வந்த குச்சி

மேடம்,

போன வாரம் ஒப்பணக்கார வீதியில் மகளுக்குச் சேலை எடுக்கப் போயிருந்தேன். கடைப் பெண் ஒரு நீலச் சேலையை உதறி விரித்தாள். சாதாரண நீலம் இல்லை, உலோகப் பளபளப்போடு கொஞ்சம் பச்சை கலந்த நீலம். "அம்மா, இது நல்லாருக்குது" என்று மகள் கையில் எடுத்துவிட்டாள். எனக்கு உடம்பே கூசியது. "வேண்டாங்கண்ணு, வெச்சுரு" என்று நான் சொன்ன வேகத்தில் கடைப் பெண்ணே பயந்துபோனாள்.

உங்களுக்குப் புரியும். மருந்துக்கு அடங்காத கிருமி உங்கள் லேபின் வட்டத் தட்டில் வளர்ந்தால் வரும் நிறம் அது. ஒரு தீபாவளிக்கு நாம் சேர்ந்து சேலை எடுக்கப் போனபோது இதே நீலத்தைத் தள்ளிவைத்து, "பகல் பூராப் பாக்கறது பத்தாதுங்களா சிஸ்டர், ஒடம்புல வேற சுத்திக்கோணுமா?" என்றீர்கள். அன்றைக்குச் சிரித்தேன். போன வாரம் சிரிப்பு வரவில்லை, உங்களுக்கு எழுத வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

பதினோரு வருடம் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தோம். நான் ஐசியூவில் நர்ஸ், நீங்கள் கீழ்த்தளத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கும் லேபில் டெக்னீஷியன். நான் அன்னூர், நீங்கள் பல்லடம். என்னைவிட இரண்டு வயது இளையவர். இருந்தும் கடைசிவரை நீங்கள் எனக்கு மேடம், நான் உங்களுக்கு சிஸ்டர். 'நீ, வா, போ' என்று ஒருநாளும் வாயில் வரவில்லை. நம் ஊர் மரியாதை அப்படி. அந்த மரியாதைதான் என்னைக் கவிழ்க்கவும் பார்த்தது.

வேறு ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ஐசியூவுக்கு வருகிறவர் யாராக இருந்தாலும், ஆசனவாய்க்குள் ஒரு பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும், ரிப்போர்ட் வரும்வரை தனி அறையில் வைக்க வேண்டும் என்று விதி வந்தது ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கிருமி குடலில் சும்மா குடியிருக்கும். வைத்திருப்பவருக்கே தெரியாது. எங்கள் கை வழியாகப் பக்கத்துப் படுக்கைக்குப் போய், அங்கே படுத்திருப்பவர் பலவீனமானவராக இருந்துவிட்டால் எந்த மருந்தும் கேட்காது. நல்ல விதிதான். ஆனால் அதை நோயாளியிடம் சொல்ல எங்கள் வார்டில் ஒருத்திக்கும் வாய் வரவில்லை. பெரிய மீசை வைத்த தோட்டத்துக்காரரிடம் போய் என்னவென்று கேட்பது? "ஒரு சின்ன டெஸ்டுங்க" என்று முனகிவிட்டு, தொடை இடுக்கில் இரண்டு தேய்ப்புத் தேய்த்து அனுப்பினோம்.

நீங்கள் போன் செய்தீர்கள். "ஏனுங்க சிஸ்டர், உங்க வார்டுல படுத்துருக்கறவங்க பூராம் சாமியாருங்களா? குச்சியெல்லாம் வெள்ளையா வருதுங்க. கறை இல்லாத குச்சிய நான் தட்டுல போடமாட்டனுங்க. திருப்பி அனுப்பறேன்."

அனுப்பவும் செய்தீர்கள். அந்த மாதம் உங்களைத் திட்டாத நர்ஸ் இல்லை. நானும் திட்டினேன், மதியம் உங்கள் டிபன் பாக்ஸில் இருந்த அரிசி பருப்பு சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே. பிறகு எல்லோரும் பழகிக்கொண்டோம். பெரும்பாலும்.

உங்கள் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று டயாலிசிஸ் என்று ஆனபோது நீண்ட விடுப்பில் போனீர்கள். உங்கள் இடத்துக்கு வந்தவர் குச்சியின் நிறத்தைப் பார்க்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரரின் பெரியப்பா எங்கள் ஐசியூவுக்கு வந்தார். அன்னூரில் மாடு வைத்திருக்கும் மனிதர். நெஞ்சில் சளி கட்டி வேறொரு ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் படுத்துவிட்டு வந்திருந்தார். குச்சி எடுக்க வேண்டியது நான். மாமா என்று கூப்பிட்டு, எதிரில் உட்காராமல் பழகிய மருமகள் நான். வேறு பெண்ணை அனுப்பலாம், அது அவருக்கு இன்னும் அவமானம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேட்டி ஓரத்தை லேசாக ஒதுக்கி, தொடை இடுக்கில் தேய்த்து, 'எடுத்தாயிற்று' என்று எழுதி அனுப்பினேன். கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. தனி அறையிலிருந்து பொது ஹாலுக்கு, நாலாம் படுக்கைக்கு மாற்றினோம்.

மறுநாள் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுத் திணறலோடு உங்களைக் கொண்டுவந்தார்கள். காலியாக இருந்தது ஐந்தாம் படுக்கை மட்டும். கழுத்தில் டயாலிசிஸ் குழாயோடு நீங்கள் அங்கே படுத்தீர்கள். அன்று முழுக்க உங்களையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தது இந்தக் கைதான்.

அடுத்த நாள் காலை மூச்சு சீரானதுமே உங்களுக்கு லேப் புத்தி வந்துவிட்டது.

"பக்கத்துல இருக்கறவரு வேற ஆஸ்பத்திரில இருந்து வந்தவருங்களா?"

"ஆமாங்க மேடம். எங்க ஊட்டுக்காரரோட பெரியப்பாங்க. ரிப்போர்ட் வந்துருச்சுங்க, ஒண்ணுமில்லீங்க."

"குச்சி எப்படிங்க இருந்துச்சு?"

பொய் நாக்கு நுனியில் இருந்தது. உங்கள் கழுத்துக் குழாயைப் பார்த்தேன். "வெள்ளையா இருந்துச்சுங்க மேடம்" என்றேன்.

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். திட்டுவீர்கள் என்று காத்து நின்றேன். "கூச்சம் அவருக்குங்களா, உங்களுக்குங்களா?" என்று மட்டும் கேட்டீர்கள். "அவரையே போயிக் கேளுங்க. இப்பவே" என்றீர்கள்.

போய்க் கேட்டேன். எதற்கு, எங்கே, ஏன் என்று எல்லாவற்றையும் மாமாவின் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதுக்குத்தானா கண்ணு இத்தன சுத்து? செனை பாக்க மாட்டு டாக்டரு முழங்கை வரைக்கும் உடறாரு, மாடே சும்மா நிக்குது. நீ குச்சிதான உடப்போற?" சொல்லிவிட்டு அவரே திரும்பிப் படுத்துக்கொண்டார். என்னிடமிருந்த கூச்சத்தில் அவருக்குக் கால்பங்குகூட இல்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமலே உங்கள் உயிரைப் பணயம் வைத்திருந்தேன்.

மறுநாள் தட்டு நீலமாக இருந்தது.

மாமாவைத் தனி அறைக்கு மாற்றினோம். நான் செய்ததை டாக்டரிடமும் இன்சார்ஜ் சிஸ்டரிடமும் சொன்னேன். பக்கத்தில் படுத்திருந்த எல்லோருக்கும் குச்சி எடுக்கச் சொன்னார்கள். உங்களுக்கு நான்தான் எடுத்தேன். "கறையோட எடுங்க, இல்லீன்னா எந்திரிச்சுப் போயித் திருப்பி அனுப்பிப்போடுவேன்" என்றீர்கள். அன்று மாலையே உங்களுக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது.

அந்த இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. தெர்மாமீட்டரைப் பார்க்கும்போதெல்லாம் என் கையை நானே வெறுத்தேன். மாரியம்மனுக்கு என்னென்னவோ வேண்டிக்கொண்டேன், இன்னும் ஒன்றிரண்டு பாக்கி இருக்கிறது.

தட்டில் ஒன்றும் வளரவில்லை. ரத்தத்திலும் ஒன்றும் இல்லை. காய்ச்சல் மூன்றாம் நாள் தானாக இறங்கியது. ரிப்போர்ட் காகிதத்தை நீங்கள் நம்பவில்லை. தட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தீர்கள். "ஒரு புள்ளி இல்லீங்க சிஸ்டர். சுத்தம்" என்று போனை நீட்டினீர்கள். நான் துணி வைக்கும் அறைக்குப் போய், துவைத்து வந்த போர்வைக் கட்டின் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். என் கல்யாணத்திலோ பிரசவத்திலோகூட அவ்வளவு நிம்மதியாக அழுததில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி எடுத்தபோதும் சுத்தம். மற்ற படுக்கைகளும் சுத்தம். மாமா அந்தக் கிருமியோடேயே வீட்டுக்குப் போய், இப்போதும் மாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்.

அதற்குப் பிறகு நீங்கள் பத்து மாதம் இருந்தீர்கள். ஒரு தீபாவளி பார்த்தீர்கள். பையனின் பிளஸ் டூ ரிசல்ட்டை எனக்குப் போன் செய்து சொன்னீர்கள். ஒருநாள் மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இருதயம் நின்றுவிட்டது என்றார்கள். செய்தி கேட்டதும் எனக்குள் முதலில் எழுந்த கேள்வியை உங்களிடம் மறைக்க மாட்டேன். காய்ச்சல் ஏதாவது இருந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். உங்கள் சாவுச் செய்திக்கு நடுவிலும் எனக்கு மூச்சு வந்தது. இதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

இப்போது நான் யாரிடமும் முனகுவதில்லை. "பின்பக்கமா ஒரு குச்சி உட்டு எடுக்கோணுங்க, இதுக்காகத்தானுங்க" என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்கள் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள். மறுப்பவர்கள் மறுக்கட்டும், மறுத்தார் என்று எழுதித் தனி அறையிலேயே வைக்கிறோம். புதிதாக வரும் பெண்களுக்கு மாமாவின் கதையை என் பெயரோடு சேர்த்தே சொல்கிறேன்.

காரியத்தன்று பல்லடத்தில் உங்கள் வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "குச்சி வெள்ளையா இருந்துச்சுன்னு நீங்க சொன்ன அன்னிக்கு ஆஸ்பத்திரில எங்கிட்ட ஒண்ணு சொல்லுச்சுங்க சிஸ்டர். எனக்கு என்ன ஆனாலும் சிஸ்டர் மேல புகாரு கிகாருன்னு போயிராதீங்க, அவங்களே வாயத் தொறந்து சொல்லிப்போட்டாங்கன்னு. ஆனா சாயங்காலத்துக்குள்ள அந்தப் பெரியவருக்கு மறுக்கா குச்சி எடுக்கலீன்னா, மொத ஆளாப் போயி எழுதிக் குடுங்கன்னுச்சு."

துக்க வீடு என்பதை மறந்து சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு இருவரும் அழுதோம். மன்னித்ததை மட்டும் நீங்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்திருக்காது. மீதியையும் சொன்னதால்தான் மறுநாள் டூட்டிக்குப் போக முடிந்தது. இன்றும் ஒவ்வொரு நோயாளியின் பக்கத்தில் நிற்கும்போதும் அந்தச் சாயங்காலக் கெடு என் தலைமேல் நிற்கிறது. நிற்கட்டும் மேடம், எடுத்துவிடாதீர்கள்.