தறி ஓடாத வெள்ளிக்கிழமை

டிசம்பர் 8, திங்கள்

மூன்றாவது பாட்டும் பாதியில் நிற்கிறது. பேண்ட் உடைந்து நான்கு மாதம். சென்னையை விட்டு ஆரணிக்கு வந்து, அப்பா பூட்டிப் போட்டிருந்த இந்த வீட்டில் கிடாரோடு உட்கார்ந்து இரண்டு மாதம். லாவண்யா என்னைப் பிரிந்து தேவிகாபுரத்தில் அவள் அப்பா வீட்டில் இருக்கிறாள். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஏறவில்லை. நான் இங்கே பாட்டு எழுத வந்தேனா, அவள் பக்கத்தில் இருக்க வந்தேனா?

டிசம்பர் 11, வியாழன்

இன்று எழுத வந்தது. ஜூலையில் அவளுக்குக் கரு கலைந்த அன்று நான் கோவையில் மேடையில் இருந்தேன். போன் பையில் கிடந்தது. அதைத்தான் எழுதினேன் — மன்னிப்பு என்ற சொல்லே இல்லாமல் மன்னிப்புக் கேட்கும் பாட்டு. நல்ல பாட்டு. அப்படித் தோன்றியதுமே வெட்கமாக இருந்தது.

டிசம்பர் 14, ஞாயிறு

தெரு முழுக்கத் தறிச் சத்தம். மைக்கை எங்கே வைத்தாலும் அதுதான் முதலில் விழுகிறது. பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் அக்காவிடம் புலம்பினேன். "வெள்ளிக்கெழம அமாவாசை, தம்பி. ஒருத்தரும் தறியில உக்கார மாட்டாங்க. அன்னிக்கு வச்சிக்கோ" என்றார்.

டிசம்பர் 16, செவ்வாய்

லாவண்யாவே போன் செய்தாள்! "அமாவாசைக்கு அப்பாவுக்குத் தறி லீவு. காலைல பத்து மணிக்கு வா. அவரு முன்னாடி பேசி ஒரு முடிவு பண்ணிக்கலாம். அன்னிக்கே நான் பெங்களூர் கெளம்பறேன், வேலை கெடச்சிருக்கு."

சரி என்றேன். அதே வெள்ளிக்கிழமை என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. ஏழு மணிக்கு உட்கார்ந்தால் ஒன்பதுக்குள் முடித்துவிடலாம். முடியாதா?

டிசம்பர் 18, வியாழன்

முடியும்.

டிசம்பர் 19, வெள்ளி

முடியவில்லை. கிடாரைப் பதிவு செய்யவே ஒன்பது தாண்டிவிட்டது. 'மதியம் வரேன்' என்று செய்தி அனுப்பிவிட்டு போனை அணைத்தேன். ஹெட்போனில் கிடாரைச் சத்தமாக வைத்துக்கொண்டு பாடினேன். இப்படி ஒரு குரல் எனக்கு வந்ததே இல்லை. அழுதுகொண்டே பாடினேன்.

மூன்று மணிக்குத் தேவிகாபுரம். எப்போதும் வாங்க, போங்க என்பவர் மாமனார். இன்று வாசலிலேயே நிற்க வைத்தார். "உன்னத் தேடிகினுதான் ஆரணிக்குப் போனா. அப்படியே வேலூர் பஸ்ஸு ஏறிட்டேன்னு போன் பண்றா. நீ எங்கப்பா இருந்த?"

"வீட்லதான் இருந்தேன்."



டிசம்பர் 20, சனி

அவள் போனை எடுக்கவில்லை. பச்சையம்மாள் அக்கா சொன்னார்: "எம்மா நேரம் கதவ தட்டிகினு இருந்துச்சு அந்தப் பொண்ணு! உள்ள நீ பாடறது கேக்குது. வேணும்னேதான் தொறக்கலன்னு நெனச்சேன்." அவளும் அப்படித்தானே நினைத்திருப்பாள்? ஐயோ, எனக்குக் கேக்கவே இல்லடி.

பதிவைப் போட்டுப் பார்த்தேன். இருக்கிறது. இரண்டாம் சரணத்தில் தொடங்குகிறது தட்டல்.

டிசம்பர் 24, புதன்

சந்தோஷுக்கு அனுப்பினேன். பேண்டில் டிரம்ஸ் வாசித்தவன். "மச்சி, நடுவுல அந்தத் தட்டல் செமடா! எதுல வாசிச்ச? எடுத்துடாத" என்றான். மறுபடி பாடலாம் என்றால் அடுத்த அமாவாசை பொங்கல் கழித்துத்தான். அதுவரை இந்தக் குரல் இருக்குமா? யாருக்காகப் பாடினேன் என்பதே குழம்புகிறது.

டிசம்பர் 31, புதன்

பாட்டை வெளியிட்டுவிட்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

லாவண்யா கூப்பிட்டாள். "கேட்டேன். நல்லாருக்கு." பிறகு, "நான் ரொம்ப நேரம் தட்டினேன், பார்த்தி. பாட்டுல மூணு வாட்டிதான் இருக்கு" என்றாள்.

தாளத்தில் உட்காராததை வெட்டிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? வக்கீல் பேசுவார் என்றாள். சரி என்றேன்.

வெட்டிய துண்டு இன்னும் லேப்டாப்பில் இருக்கிறது. அதில் ஓர் இடத்தில் அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள்.