சொவத்தப் பாத்து நின்னது

வியாழக்கெழம ராத்திரி

அஞ்சல, ஊருல நல்லாருக்கியா? நீ கப்பலேறுனப்புறம் எங்கூடப் பேச ஆளில்ல. பேசுனாலும் எனக்குக் கேக்கல. அத யாருக்கும் சொல்லல, வேலி வாசல்ல காவல் நிக்கிற ஜாகா வேல போயிரும்.

இன்னிக்கிக் காத ஆராச்சி பண்ற டாக்டரு ஒருத்தரு சிரம்பான் டவுன்லேருந்து நம்ம ரப்பர் தோட்டத்துக்கு வந்தாரு. கவக்கம்பு மாதிரி ஒரு இரும்பு கையில. தட்டுவேன், கேட்டா கையத் தூக்குன்னு சைக காட்டுனாரு. அவரு தட்டுறதப் பாத்துப் பாத்தே நானும் தூக்குனேன். சிரிச்சுக்கிட்டே என்னயச் சொவத்துப் பக்கம் திருப்பிட்டாரு. அதுக்கப்புறம் எப்பத் தூக்குறதுன்னே தெரியல, சும்மா நின்னேன்.

கூட நின்ன ஆபீசுக் கணக்கெழுதுற கிராணி எங்காதுல வாய வச்சுக் கத்துனாரு. "ஏன்யா, பட்டாளத்தான் இருட்டுல நில்லும்பான், நிக்கலன்னா சுட்டுருவான், என்னய்யா செய்வ?"

"நிக்கிறதுதானே சாமி என் வேல, நின்னுக்கிட்டேதான இருப்பேன்"னேன். அவரு சிரிக்கல. டாக்டரு நோட்டுல என்னமோ எழுதுனாரு. அது மானேஜரு தொரைக்கும் போவுமோ என்னமோ.

இந்தா, பக்கத்து வீட்டு மாரி வந்து தோளத் தொடுறான். வாயப் பாத்தா கிராணி என்னயக் கூப்புடுறாருன்னு சொல்றாப்ல இருக்கு. மிச்சத்தப் போயிட்டு வந்து எழுதுறேன்.