மாடியில் ஓடிய கதைக்குப் போட்ட பூட்டைத் திறக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மூக்குக் கண்ணாடிக் கடை உரிமையாளர்,
கடை எண் 4, தரைத்தளம்,
நகராட்சி வணிக வளாகம்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: விளையாட்டு வீராங்கனைகளைப் பற்றிச் சிறுமியருக்கு மாடி அறையில் நடந்துவந்த கதை நேரம் – என் புகாரின் பேரில் பூட்டப்பட்டது – அப்புகாரின் மீதே புகார் – பூட்டைத் திறக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மூன்று வாரங்களுக்கு முன் நான் அளித்த இரைச்சல் புகார்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. வணக்கம். சாக்கடை மூடி கேட்டு மூன்று ஆண்டுகளில் ஐந்து மனு கொடுத்தேன். மூடி இன்னும் வரவில்லை. இரைச்சலுக்கு ஒரே ஒரு மனு கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமையே பூட்டு வந்துவிட்டது. அந்தச் சுறுசுறுப்பைத் தாங்கள் காட்டாமல் இருந்திருக்கலாம் என்பதே இம்மனுவின் சாரம்.

2. என் கடைக்கு நேர் மேலே உள்ள அறைக்கு, சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு ஒரு பேருந்து நடத்துநர் அம்மா சீருடையோடு வந்து, சிறுமிகளுக்கு வீராங்கனைகளின் கதைகளைச் சொல்வார். பிள்ளைகள் அவரை விசில் அக்கா என்பார்கள். உட்கார்ந்து கேட்கும் கதை என்றால் எனக்கு வழக்கே இல்லை. கதையில் வீராங்கனை ஓடினால் கேட்பவர்களும் நின்ற இடத்திலேயே ஓட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். எண்ணூறு மீட்டர் ஓட்டத்தை, ஓடியவருக்கு எவ்வளவு நேரம் ஆனதோ அதே நேரத்தில் சொல்லி முடிப்பார். அவர் விசில் ஊதினால் மேலே இருபத்திரண்டு சிறுமிகள், நாற்பத்து நான்கு கால்கள். கீழே என் ஒற்றைத் தலை.

3. கண்ணாடிச் சட்டத்தில் மாட்டும் கடுகளவு திருகாணிகள் மேசையை விட்டுத் துள்ளி ஓடின. பொறுத்துக்கொண்டேன். கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகையும் சுவரில் ஆடத் தொடங்கியபோதுதான் பொறுமை போனது. வழக்கமாக வரும் தபால்காரர் ஒருவர், "எழுத்தெல்லாம் ஆடுதுங்க, எனக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண்ணாடி எழுதிக் கொடுக்க இருந்தேன். மேலே ஓட்டம் முடிந்ததும் கடைசி வரிவரை கடகடவென்று வாசித்துவிட்டார். அன்று மாலையே புகார் எழுதினேன். அதில் "பயனற்ற கூத்து" என்று குறிப்பிட்டதை இப்போது திரும்பப் பெறுகிறேன்.

4. தங்கள் அலுவலர் பூட்டோடு வந்த நேரத்தில் கதை உச்சத்தில் இருந்தது. சலவைத் தொழிலாளியும் இரண்டு பிள்ளைகளின் தாயுமான ஒரு வீராங்கனை, கடைசிச் சுற்றில் கால் தடுக்கி விழுந்திருந்தார். மற்றவர்கள் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் அலுவலர் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். நான் கடை வாசலில் நின்று, இறங்கி வருபவர்களை மிதப்போடு எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழாவதாக இறங்கியவள் என் மகள்.

5. அவளுக்குப் பதினோரு வயது. ஓவிய வகுப்புக்குப் போகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். என் மனைவிக்கு முதலிலிருந்தே தெரியுமாம். அது வேறு புகார். வகுப்பிலேயே குட்டை என்பதால் எந்தப் போட்டிக்கும் தயங்குபவள், இந்தக் கதைகளைக் கேட்டபின் பள்ளி அணிக்கான தேர்வு ஓட்டத்துக்குத் தானாகவே பெயர் கொடுத்திருக்கிறாள். தேர்வு வருகிற திங்கட்கிழமை. இப்போது போக மாட்டேன் என்கிறாள். நடுவில் விழுந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் எப்படி ஓடுவது என்பது அவள் கேள்வி. "அவங்க எழுந்து ஓடி முதல் பரிசே வாங்கிட்டாங்கடா கண்ணு" என்று சொல்லிப் பார்த்தேன். "அப்பா, சும்மா கதை விடாதீங்க" என்று ஓடும் காலணியைப் பரணில் போட்டுவிட்டாள்.

6. வெட்கத்தை விட்டு நடத்துநர் அம்மாவின் பேருந்திலேயே ஏறி, முடிவை மட்டும் சொல்லும்படி கேட்டேன். "பாதியில எறக்கிவிட்டது நீங்கதான் சார். இருபத்திரண்டு பேரும் ஏறினாத்தான் வண்டி கெளம்பும்" என்று சொல்லி, சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். பேருந்தே சிரித்தது. அவர் சொன்னது நியாயம் என்பதால் நானும் சிரித்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டேன்.

7. புகார் கொடுத்தவரே அப்புகாரை எதிர்த்து மனுக் கொடுக்க விதி இல்லை என்று தங்கள் அலுவலக எழுத்தர் தெரிவித்தார். அப்படியானால் இதை வேறொருவர் கொடுத்ததாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். அன்று எழுதிய ஆளை எனக்கே பிடிக்கவில்லை. சனிக்கிழமை நான்கு முதல் ஐந்து வரை கண் பரிசோதனை கிடையாது என்று கடையில் எழுதி ஒட்டிவிட்டேன். பக்கத்துக் கடைகளான தையற்கடையும் மருந்துக்கடையும் ஆட்சேபணை இல்லை என எழுதிக் கொடுத்துள்ளன.

8. ஆகவே, வருகிற சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அறையைத் திறந்துவிட ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பிள்ளைகள் மூன்றரைக்கே மாடிப்படியில் நிற்பார்கள். சாவி தங்களிடம் இருக்கிறது. மகளுக்காக மட்டுமே கேட்கிறேன் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். இரண்டு வாரமாகக் கடை அமைதியாக இருக்கிறது. எனக்குத்தான் வேலை ஓடவில்லை. அந்த அம்மா எழுந்தாரா இல்லையா என்று எனக்கும் தெரிந்தாக வேண்டும்.

இணைப்பு: ஆட்சேபணையின்மைக் கடிதங்கள் – 2.

நாள்: செவ்வாய்க்கிழமை
இடம்: கடை எண் 4

இரைச்சலை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர்