இளவரசியின் குறை

நவம்பர் 4

பழைய துன்பியல் நாடகத்தின் கடைசிக் காட்சியை இன்று வகுப்பில் வாசித்து முடித்தோம். கோட்டைக்கு வெளியே காய்ச்சலோடு வந்து நிற்கும் அகதிகளுக்காக இளவரசி கதவைத் திறக்கிறாள்; பெற்ற அப்பனே மரணதண்டனை விதிக்கிறான்.

பிறகு மூன்றாம் வரிசையிலிருந்து வக்கீல் எழுந்தாள். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் அது.

"மிஸ், அந்த ஊர்ப்பெரியவங்க பன்னிரண்டு பேரும் முதல் காட்சியிலேருந்து கதவுகிட்டயே நிக்கறாங்க. நல்லா அழறாங்க. ஒருத்தராவது அந்தப் பொண்ணு பக்கத்துல போய் நின்னாங்களா?"

எத்தனை முறை வாசித்திருப்பேன். இதை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

நவம்பர் 5

சந்தோஷமாக இருக்கிறேன். அதையும் எழுதிவைக்க வேண்டுமல்லவா.

டிசம்பர் 12

அரையாண்டுத் தாள்கள். 'இளவரசியின் வீழ்ச்சிக்குக் காரணமான குறை யாது?' பத்து மதிப்பெண். எங்கள் துறையின் விடைக்குறிப்பு சொல்கிறது: 'பெண்மைக்குரிய பணிவை மறந்த பிடிவாதமே அவளை அழித்தது.' எந்த மகானுபாவர் எழுதினாரோ! கையில் கிடைத்தால் —

வக்கீலின் விடை: 'அவளிடம் குறை ஏதுமில்லை. குறை வேண்டுமென்றால் அரசனிடமும் அழுதுகொண்டு நின்றவர்களிடமும் தேட வேண்டும்.' இப்படியே மூன்று பக்கம். இதிலேயே நேரத்தைச் செலவழித்து, மற்ற கேள்விகளைப் பாதியில் விட்டிருக்கிறாள். எட்டு போட்டேன். மொத்தம் நாற்பத்தொன்று. நாற்பது எடுத்தால் தேர்ச்சி. அப்பாடா.

டிசம்பர் 15

பெரிய மிஸ் என் எட்டைப் பச்சை மையால் அடித்துச் சுழியம் போட்டிருக்கிறார். துறைத்தலைவி, இதே பள்ளியில் எனக்கும் பாடம் எடுத்தவர். 'குறிப்பில் இல்லை' என்று இரண்டே சொல்.

முப்பத்துமூன்று. அரையாண்டில் தேறாதவர்கள் மார்ச்சில் இறுதித் தேர்வு எழுத முடியாது. பள்ளியின் விதி. யோசித்து எழுதியதற்கு ஒரு வருடம் தண்டனை!

டிசம்பர் 16

ஆசிரியர் அறையில் எல்லோரும் என் கட்சி. கணக்கு வாத்தியார் மேசையையே தட்டினார். "விடாதீங்க டீச்சர். அநியாயம் இது. நாங்க இருக்கோம்."

மாலை, ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து பேசினேன். பெரிய மிஸ் சுற்றிலும் பார்த்து, "வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். கணக்கு வாத்தியார் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

வீட்டுக்கு வந்து போனில் அம்மாவிடம் கத்தித் தீர்த்தேன்.

"என்னைக்கோ செத்துப்போனவளுக்காகத் தொண்டை வத்தக் கத்தறே. உயிரோட இருக்கற அம்மாவுக்கு வாரத்துக்கு ஒரு போன் கிடையாது."

டிசம்பர் 17

பெண்மைக்குரிய பணிவு. பெண்மைக்குரிய!

டிசம்பர் 18

பெரிய மிஸ் அறைக்கு நேராகப் போனேன். "இந்தக் குறிப்பை எழுதின ஆள் யாருன்னு காட்டுங்க மிஸ். நான் பேசிக்கறேன்."

அவர் பீரோவைத் திறந்து, அடுக்கின் அடியிலிருந்து பழுப்பேறிய விடைத்தாள் ஒன்றை உருவினார்.

"இருக்கறதுலயே நல்ல தாளைத்தான் குறிப்பா வெச்சுக்குவேன். எட்டு வருஷமா இதுதான். இதைத் தாண்டி யாரும் எழுதலை."

என் கையெழுத்து. பத்துக்குப் பத்து. ஓரத்தில் பச்சை மையில் 'மிக நன்று'.

"பேசிக்கறேன்னு சொன்னியே," என்றார். "பேசு."

டிசம்பர் 19

அம்மா சிரிக்கிறாள். "எப்படிடி மறந்தே? குளிக்கறப்பகூட ஒப்பிச்சுக்கிட்டே இருந்தியே. எனக்கே பாதி மனப்பாடம்." ஒப்பித்தும் காட்டினாள். பணிவை மறந்த பிடிவாதமே.

கைடு புத்தகத்தில் இருந்தது. எனக்கு அப்போது பதினேழு. யோசிக்கவே இல்லை. யோசிக்காததற்குத்தான் அந்தப் பத்தும். விடைக்குறிப்பில் தட்டச்சாகப் பார்த்தபோது என் வாக்கியமே எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஆறு நாளாக நான் திட்டியது என்னை.

சரி. அப்படியென்றால் அதைத் தப்பு என்று சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் யார்?

டிசம்பர் 20

கடிதம் கொடுத்தேன்.

'இவ்விடையை எழுதியவள் நான். இது தவறு. அப்போது நான் நாடகத்தை முழுதாக வாசித்திருக்கவில்லை. எனக்கு வழங்கிய பத்து மதிப்பெண்ணைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும்.'

பெரிய மிஸ் இரண்டு முறை வாசித்தார். "திமிரு," என்றார். பிறகு வக்கீலின் தாளை இழுத்துச் சுழியத்தை அடித்து, ஏழு போட்டார்.

நாற்பது. எட்டாவது மதிப்பெண்ணைத் தன்னோடு வைத்துக்கொண்டார்.

மார்ச் 21

இறுதித் தேர்வு. அதே நாடகம், கிட்டத்தட்ட அதே கேள்வி. வாசலில் காத்திருந்தேன். வக்கீல் கடைசி ஆளாக வந்தாள்.

"பிடிவாதம்னு எழுதிட்டேன் மிஸ்."

அவள் கையிலிருந்த கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன்.

"மூஞ்சியை அப்படி வெச்சுக்காதீங்க. எங்கேயோ, யாரோ திருத்தப்போறாங்க. அவங்க உங்களை மாதிரி இருப்பாங்களா? நான் காலேஜ் போகணும். அங்க போய்ச் சண்டை போட்டுக்கறேன்."

நியாயம்தான். அவள்மேல் கோபம் இல்லை. ஆனால் கோபம் இருக்கிறது. வீடு வரை நடந்தே வந்தேன்.

ஏப்ரல் 9

விடைத்தாள் திருத்தும் மையம். வேறு பள்ளிகளின் கட்டுகள். பெயர் கிடையாது, எண் மட்டும். பிடிவாதம். பிடிவாதம். அவசர புத்தி. பிடிவாதம்.

மதியத்துக்குப் பிறகு ஒரு தாள். கோணல் எழுத்து. 'நானாக இருந்தாலும் திறந்திருப்பேன். அதனால் இதைக் குறை என்று எழுத எனக்கு வரவில்லை.' தொடர்ந்து அரைப் பக்கம், காரணங்களோடு.

எட்டு போட்டேன்.

முதன்மைத் தேர்வாளர் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே வந்தார். "குறிப்புல இல்லாததுக்கு எட்டு! யாரு திருத்தினது இதை?"

கூடம் முழுக்கப் பேனாக்கள் நின்றன.

எழுந்தேன். "நான்தான் சார்."

"பேரு?"

சொன்னேன். ஒவ்வோர் எழுத்தாக, அவர் எழுதி முடிக்கும்வரை, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.