பெட்ரோல் மூடியில் ஓர் ஓட்டை

1974 ஆவணி, ஞாயிறு இரவு.

மாட்டுக் கொட்டகையில் வைத்து எட்டு மாதமாக நான் பழுது பார்த்த வெள்ளைக்காரன் காலத்துக் காரில், இன்று மனைவி சரஸ்வதியின் அண்ணனை உட்காரவைத்துச் சித்தூர் வரை போய்வந்தேன். வண்டி எங்கும் நிற்கவில்லை.

போன மாதம் வரை பத்து நிமிடம் ஓடினால் நின்றுவிடும். கார்புரேட்டரை எத்தனையோ தடவை கழற்றி மாட்டினேன். தகரத்தில் நானே செய்த பெட்ரோல் டாங்க் மூடியைப் பார்த்துச் சரஸ்வதிதான் சொன்னாள்: "எண்ணெ டின்னுக்கு ரெண்டு ஓட்டை போட்டாத்தானுங்க எண்ணெ எறங்கும். இதுல காத்துப் போக வழியே இல்லீங்களே?" மூடியில் ஆணியால் ஓர் ஓட்டை போட்டேன். அதோடு சரியாகிவிட்டது.

இன்று வீடு திரும்பியதும் மச்சான் கேட்டார்: "கோளாற யாருங்க மாப்ளே கண்டுபுடிச்சது?"

"நாந்தானுங்க மச்சான்" என்றேன். காப்பித் தம்ளர்களோடு அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"அதானே, நம்ம சரசுக்கு அடுப்ப உட்டா என்ன தெரியும்?" என்று அவர் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன்.

அவர் போனபின், தம்ளர் கழுவிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க, நாஞ் சொன்னேன்னு சொல்லியிருந்தா வண்டி ஓடாதுங்களா?"

கொட்டகைக்குப் போய்ச் சும்மா நின்றேன்.

மச்சானுக்கு உண்மையைக் கடிதமாக எழுத உட்கார்ந்தேன். 'நலம், நலமறிய அவா' என்பதைத் தாண்டவில்லை. இந்த நாட்குறிப்பில் மட்டும் எழுதிவிட்டேன்.