அடுத்த அறையில் ஸ்விட்ச்

5-11-79, திங்கள்

மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்து பத்து நாளாகிறது. இன்னும் ஒரு சீட்டுகூட அச்சாகவில்லை. நூல் பேல் மூட்டைகளில் ஒட்டும் சீட்டை அது அடிக்க வேண்டும். எந்த வகைப் பிரிண்டர் என்று அதற்கு யாரும் சொல்லவில்லையாம். அதைச் சொல்ல 'செட்டப்'புக்குள் போக வேண்டும். போக வழி ஒன்றுதான்: கரண்ட் வந்த அதே கணத்தில் சிவப்புக் கீயைத் தட்டுவது. முன்னாலேயே அழுத்தி வைத்தால் கீ ஒட்டிக்கொண்டதென்று நினைத்து நின்றுவிடுகிறது. பிந்தினால் நம்மைக் கேட்காமல் வேலையைத் தொடங்கிவிடுகிறது. திரை சூடேறி வெளிச்சம் காட்டுவதற்குள் கணம் போய்விடும். இந்தப் பூட்டைச் செய்தவன் வீட்டுக் கதவு எப்படி இருக்குமோ.

ஸ்விட்ச் அடுத்த அறையில். அதை எலக்ட்ரீஷியன் தவிர யாரும் தொடக்கூடாது, யூனியன் ஒப்பந்தம். நான் இங்கிருந்து "போடுங்கோ" என்பேன். சுவருக்கு அப்பால் ஆறுச்சாமி போட்டுவிட்டு "போட்டாச்சுங்க" என்பார். நான் தட்டுவேன். இன்று முழுக்க இதேதான். திறக்கவில்லை.

7-11-79, புதன்

மேனேஜர் ராமபத்ரன் கூப்பிட்டார். "மெட்ராஸ்லேர்ந்து எஞ்சினியர் இப்போ வரமாட்டானாம். மாசக் கடைசிக்குள்ள ஆகலைன்னா மெஷினைத் திருப்பி அனுப்பிடறேன், பட்டு. நீ பழையபடி டைப்புக்குப் போயிடு."

பதினோரு வருஷம் டைப் அடித்தாயிற்று. இந்த மெஷின் எனக்கு வேண்டும். என் நோட்டில் எழுத என்ன வெட்கம்? வேண்டும்.

9-11-79, வெள்ளி

கீயைக் கழற்றிப் பஞ்சால் துடைத்தேன். கட்டைவிரலால் தட்டிப் பார்த்தேன், நடுவிரலால் தட்டிப் பார்த்தேன். இல்லை.

15-11-79, வியாழன்

கல்பாத்தித் தேர்த் திருவிழா. லீவு. நூறு பேர் ஒரே குரலுக்கு வடத்தை இழுக்கிறார்கள். எங்கள் ஆபீசில் இரண்டு பேருக்கு முடியவில்லை.

19-11-79, திங்கள்

அலுப்பில் மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டு "போடுங்கோ" என்றேன். உள்ளே விசிறி சுற்றத் தொடங்கியது உள்ளங்கைக்குத் தெரிந்தது. அதற்கப்புறம்தான் "போட்டாச்சுங்க" வந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம். மறுபடி சொல்லிப் பார்த்தேன். அதே ஒரு மூச்சு. மூன்றாம் தடவையும்.

வேண்டுமென்றே செய்கிறாரா?

ஆறுச்சாமியின் மனைவி நாச்சம்மாள், கையால் சீட்டு எழுதும் நான்கு தாற்காலிகப் பெண்களில் ஒருத்தி. மெஷின் அடிக்க ஆரம்பித்தால் நான்கு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இது எனக்குத் தெரியாததல்ல. சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

இத்தனை நாளா என்னை அசடாக்கி உக்காத்தி வெச்சிருக்காரே மனுஷன்! பஸ்ஸில் வரும்போது கோபம் பாதியாகிவிட்டது. அவர் இடத்தில் நான் இருந்தால் இரண்டு மூச்சு விட்டிருப்பேன்.

20-11-79, செவ்வாய்

ஒருத்தியையாவது வைத்துக்கொள்ளக் கூடாதா என்று ராமபத்ரனிடம் கேட்டேன். "நாலு பேர் வேலையை இது பண்ணும்னுதானே வாங்கினேன்?" என்றார்.

21-11-79, புதன்

இன்று இடது கையை மெஷின்மேல் ஊன்றாமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன். அவர் குரல் வந்தபின் தட்டினேன். ஆகவில்லை என்று ரிப்போர்ட்.

22-11-79, வியாழன்

ஒரு கை மெஷின்மேல், ஒரு விரல் கீமேல். அதிர்ந்தவுடன் தட்டினேன். திறந்தது. பிறகுதான் சுவருக்கு அப்பாலிருந்து "போட்டாச்சுங்க".

பிரிண்டர் வகையை மாற்றினேன். சீட்டுகள் கடகடவென்று விழுந்தன. அந்தச் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்காமல் இருக்காது. அவர்மேல் நான் புகார் எழுதவில்லை. இதைப் பெரிய தர்மமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

30-11-79, வெள்ளி

நால்வருக்கும் கடைசி நாள். மற்ற மூவரும் நேரே மில் கேட்டுக்குப் போனார்கள். நாச்சம்மாள் மட்டும் என் மேஜைக்கு வந்தாள்.

"போய்ட்டு வாரனுங்க அக்கா. எங்கூட்டுக்காரரு மேல ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க."

"இல்லை. உனக்கு என்மேல ஒண்ணும் இல்லையே?"

"இருக்குதுங்க," என்றாள்.

3-12-79, திங்கள்

என்னை ஆபரேட்டராகப் போட்டு உத்தரவு வந்தது. சந்தோஷம்தான். இல்லையென்று எழுதினால் பொய்.

காலையில் "போடுங்கோ" என்றேன். திரையில் வெளிச்சமே வந்துவிட்டது, குரல் வரவில்லை. செட்டப்பில் இனி எனக்கு வேலையில்லை. பிந்தினாலும் ஒன்றும் கெடாது. அது அவருக்கும் தெரியும். நான் கைகட்டி உட்கார்ந்திருந்தேன்.

வெகுநேரம் கழித்து, "போட்டாச்சுங்க" என்றார்.

அதற்குப் பிறகுதான் கீபோர்டில் கை வைத்தேன்.