கல்வாய்க்காலில் ஊற்றிய தண்ணீர்

பெரியவனின் அம்மாவுக்கு,

நான் நலம். நீ மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாயா?

ஞாயிறன்று, இடிந்து கிடக்கும் பழைய கோயில் நகரத்துக்குப் போனேன். குன்றில் ஏறும்போது லேசாக வழுக்கியது. முழங்காலில் சிராய்ப்புதான், பயப்படாதே. மேலே நின்றால் கண்ணுக்கெட்டிய வரை கோபுரங்கள். கருவறைகளில் சாமி இல்லை. ஆனால் மண்டபத்திலிருந்து குளத்துக்குப் போகும் கல்வாய்க்கால் அப்படியே இருக்கிறது. என் பாட்டில் தண்ணீரை அதில் ஊற்றினேன்.

"குடிக்கிற தண்ணிய ஏன் பெரியவரே கொட்றீங்க?" என்றான் காவலாளி.

"நாப்பது வருஷமா பைப் போடுறவன்யா நான். பேசாம பாரு."

தண்ணீரோடு இருவரும் நடந்தோம். எங்கும் தேங்காமல் போய்க் குளத்தில் விழுந்தது. மட்டம் பார்க்க ரசமட்டக் கருவி இல்லாத காலத்தில் எந்தப் புண்ணியவான் தண்ணீர் ஓட இந்தச் சரிவு வாட்டம் பார்த்தானோ! சாமியில்லாத இடத்தில் கையெடுத்துக் கும்பிட்டேன்.

புது வீட்டுக் குளியலறையில் நான் போட்ட தரையில் தண்ணீர் நிற்கிறது என்று பெரியவன் சொன்னதற்குத்தானே கோபித்துக்கொண்டு இந்த வெளியூர் வேலைக்கு வந்தேன். நிற்கத்தான் செய்கிறது. அவன் பேசிய விதம் தப்பு, சொன்னது தப்பில்லை.

என் கம்பளிப் போர்வையை அனுப்பு. கூடவே நாலு வரி எழுது. வேலைக்கு வண்டி வந்துவிட்டது. தரையை அவன் இடிக்கட்டும். வீட்டைக் கட்டிய அந்த இன்ஜினியர் மட்டும் கை வைக்கக் கூடாது. லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்ததும் புதுத் தரையை நான் வந்துதான் போடுவேன்.

இப்படிக்கு,
அவன் அப்பா